தலையணையில் அடைபட்ட மூச்சு

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே நலம். நீயும், ஆராய்ச்சி என்று நீ கட்டிக்கொண்டு அழுகிற அந்தக் கல்லும் நலமா?

இந்த வருஷமும் வர முடியாது என்று போனில் சொன்னாய். கோபமில்லை. செவ்வாய்க் கிரகத்தில் ஏதோ மோதித் தெறித்த கல், அந்த ஊர்க் காற்றையும் குமிழியாகப் பிடித்துக்கொண்டு பூமியில் விழுந்தது. அதிலுள்ள ஆர்கானும் செனானும் எதோடும் ஒட்டாத மந்த வாயுக்கள், கோடி வருஷமானாலும் மாறாது. கல்லைச் சூடாக்கி அவற்றை அளந்தால் அந்தக் கிரகத்தின் காற்று எப்படி இருந்தது என்று தெரியும். ஆனால் நம் காற்று கொஞ்சம் கலந்தாலும் கணக்கு போச்சு, அதனால் நீ அதை விட்டு நகர முடியாது. இவ்வளவும் எனக்குப் புரிந்துவிட்டது. அம்மாதான், "எதோடயும் ஒட்டாதுன்னா, உங்க தங்கச்சி மாதிரியா?" என்றாள்.

அந்த யோசனையோடு உன் அறைக்குப் போனேன். நீ கிளம்பும்போது ஊதிவிட்டு, பையில் இடமில்லை என்று கட்டிலில் போட்டுப்போன கழுத்துத் தலையணை இன்னும் கும்மென்று இருந்தது. உள்ளே இருப்பது உன் மூச்சு. இதை யாரும் தொடக் கூடாது என்று அன்றே சட்டம் போட்டேன். உன் மாமாவுக்கு ஏது சட்டம்? தங்க வந்தவர் அதையே தலைக்கு வைத்துக் குறட்டை விட, நான் மெதுவாக உருவ, அவர் விழித்துக்கொண்டு, "ஒரு தலகாணிக்கா மாப்ளே இவ்ளோ கஞ்சத்தனம்?" என்றார். "அதுக்குள்ள எம்பொண்ணு மூச்சு இருக்கு" என்றேன். மனுஷன் காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார், என்னை டாக்டரிடம் காட்டும்படி அம்மா காதில் ஓதிவிட்டு. அப்புறம் அதை உன் அறை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அம்மாவின் துணிமணியும் அதற்குள்தான், அடிக்கடி சாவி கேட்கிறாள். பாவம், துணி மடித்துவிட்டு வருவதற்கே அவளுக்கு இப்போது மூச்சு வாங்குகிறது.

ஆயுசு முழுக்க டயர் கடையில் பஞ்சர் ஒட்டியவன் சொல்கிறேன், இப்படி ஒரு வால்வை நான் பார்த்ததே இல்லை. காற்று இம்மியும் இறங்கவில்லை. அதனால நீ அவசரப்பட்டு வர வேணாம்மா, எங்களுக்கு இது போதும். வாசல்ல யாராவது கதவத் தட்டினா ரெண்டு பேரும் ஒண்ணா எழுந்து ஓடறோம், மத்தபடி ஒரு குறையும் இல்ல.

வேளைக்குச் சாப்பிடு. நீ தொட்ட கல்லெல்லாம் உன்னிடம் வாய் திறந்து பேசட்டும் என்று வாழ்த்தும்,
அப்பா.

பி.கு.: உறை ஒட்டப் பசை தேடி உன் அறைக்குப் போனேன். அம்மா கன்னம் உப்பத் தலையணையை ஊதிக்கொண்டிருந்தாள். நீ போன கொஞ்ச நாளிலேயே அது சப்பையாகிவிட்டதாம். அன்றிலிருந்து, நான் சட்டம் போடுவதற்கு ரொம்ப முன்னாலிருந்தே, ஊதி ஊதி வைத்திருக்கிறாள். ஏன் என்றேன். "அது சுருங்கிக் கெடந்தா, அவ நெஜமாவே போயிட்டான்னு ஆயிடுதுங்க" என்றாள். ஆக, உள்ளே உன் மூச்சு துளியும் இல்லை. மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. கல்லு கோடி வருஷம் காத்திருந்தது, இன்னும் கொஞ்சம் காத்திருக்கும். எங்களால ஆகாதும்மா. ஒரு தடவ வந்து, நீயே ஊதி வச்சிட்டுப் போ.