எங்கேயும் போகாதவர்களுக்கான பாதை

எங்கள் தெருவுக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் ஒரு குன்று இருக்கிறது. குன்று ராணுவத்துக்குச் சொந்தம். வருஷத்துக்கு ஒருமுறை அங்கே சுட்டுப் பழகுவார்கள். மற்ற நாளெல்லாம் நாங்கள் அதன் மேல் நடந்து பழகியிருந்தோம். ஏறி இறங்க இருபது நிமிஷம். சுற்றிப் போனால் பதினொரு கிலோமீட்டர். சாயங்காலம் பள்ளி வேனே பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிடும், காலையில் அதற்கு வேறு ரூட். அதனால் காலையில் நாங்களே குன்றேறி அழைத்துப்போவோம். காவல் நிற்கிற சிப்பாய் தலையை ஆட்டுவார், நாங்களும் ஆட்டுவோம். அவ்வளவுதான் சட்டதிட்டம்.

அப்புறம் மேலிடத்துக்குப் பொதுமக்கள் மேல் பாசம் வந்தது. 'இயற்கை நடைபாதை' என்று பலகை வைத்து, ரிப்பன் வெட்டி, குன்றைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அன்றிலிருந்து எங்களால் அதில் போக முடியவில்லை.

மறுநாள் காலை மகளைக் கையில் பிடித்துக்கொண்டு குன்றின் வாசலுக்குப் போனேன். இரண்டாம் வகுப்பு. ஒன்பது அடித்தால் பள்ளிக் கதவைப் பூட்டிவிடுவார்கள்; பத்து நாள் வராவிட்டால் பேரையே அடித்துவிடுவார்கள். அங்கே ஒரு இடம் வாங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"எங்கம்மா போறீங்க?" என்றார் சிப்பாய். தினமும் பார்க்கிற ஆள்தான்.

"ஸ்கூலுக்கு."

"அப்ப விட முடியாதும்மா."

"திறந்தாச்சுன்னு பலகை வெச்சிருக்கீங்களே?"

"நடைப்பயணிகளுக்குத் திறந்திருக்கு. நடைப்பயணின்னா எங்கேயும் போகாதவங்க. நீங்க எங்கேயோ போறீங்க."

அவருக்குப் பின்னால் நகரத்திலிருந்து வந்த ஐந்தாறு பேர், முதுகில் மூட்டையும் இரண்டு கையிலும் கம்புமாக, எங்கேயும் போகாமல் மேலே போய்க்கொண்டிருந்தார்கள்.

பாதை அலுவலர் என்று ஒருவரைப் போட்டிருந்தார்கள். தகரக் கூரை அறை, பெரிய மேஜை, அதன் மேல் களிமண்ணில் செய்த குட்டிக் குன்று. மரியாதையான மனிதர். உட்காரச் சொல்லிவிட்டு விதி நான்கை வாசித்தார்: 'நோக்கத்துடன் கூடிய நடமாட்டம் பயன்பாடாகும், பயன்பாடு காலப்போக்கில் உரிமையாகும், உரிமை பாதுகாப்புக்கு ஊறாகும். ஆகவே மகிழ்ச்சியின் பொருட்டு மட்டுமே நடக்கலாம்.'

"புள்ள ஸ்கூலுக்குப் போனா எனக்கு மகிழ்ச்சிதான் சார்."

"அது போய்ச் சேர்ந்த பிறகு வர்ற மகிழ்ச்சிம்மா. விதி கேக்கறது நடக்கும்போதே வர்றது."

படிவம் கொடுத்தார். நடையின் நோக்கம்: 'இல்லை' என்று எழுதினேன். சேருமிடம்: 'இல்லை'. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இவ்வளவு சுத்தமா யாருமே எழுதினதில்ல," என்றார்.

அட்டை வர மூன்று நாள் ஆனது. அதோடு ஒரு பட்டியலும் வந்தது. நடைப்பயணி நடைப்பயணியாகத் தோற்றமளிக்க வேண்டும்: பூட்ஸ், தொப்பி, கம்பு, தொலைநோக்கி. என் வீட்டுக்காரர் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். அவருடைய பழைய பூட்ஸை மாட்டிக்கொண்டேன். வீடு துடைக்கிற கம்பை எடுத்துக்கொண்டேன். இரண்டு குழாய்த் துண்டுகளைச் சேர்த்துப் பற்றவைத்து அவரே தொலைநோக்கி செய்து கொடுத்தார்.

"இதுல கண்ணாடி எங்கங்க?"

"பாக்க ஒண்ணுமில்லாத இடத்துக்குக் கண்ணாடி எதுக்கு?"

மகளின் சீருடைக்கு மேலே கொளுத்துகிற வெயிலில் மழைக்கோட்டு. பாடப்புத்தகம் நோக்கத்தின் அடையாளமாகிவிடும் என்பதால் அதைத் துண்டில் சுற்றித் தலையணை மாதிரி ஆக்கினேன். என்னைப் பார்த்துத் தையல்கார அக்காவும் தெருவின் மற்ற அம்மாக்களும் ஆளுக்கொரு அட்டை வாங்கிக்கொண்டார்கள். பதினாலு பிள்ளைகள்.

பாதையில் மூன்று காட்சிமுனைகள். ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிஷம் நின்று ரசித்தே ஆகவேண்டும் என்பதால் கால் மணி முன்னதாகவே கிளம்பினோம். முதல் முனையில் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. இரண்டாவதில் அதே தொட்டியின் முதுகு. மூன்றாவதில் பள்ளிக்கூடம். அதை மட்டும் மனமார ரசித்தோம்.

என் பூட்ஸில் தீப்பொறி தெறித்துக் கரும்புள்ளிகள் விழுந்திருக்கும். ஒரு நகரத்துப் பெண் குனிந்து பார்த்து, "அக்கா, இந்த டிசைன் எங்க கிடைக்குது?" என்றாள்.

"பட்டறையில."

அடுத்த வாரம் நாலு பேர் புள்ளி வைத்த பூட்ஸோடு வந்தார்கள்.

ஒருநாள் சிப்பாய் என்னைத் தனியாக அழைத்தார். "அம்மா, நேத்து வேகமா நடந்தீங்களாம். புகார் வந்திருக்கு."

"யாரு சொன்னது?"

"உங்க பின்னாடி வந்த நடைப்பயணி. உங்களைப் பாத்ததும் அவருக்கு ஆபீஸ் ஞாபகம் வந்துடுச்சாம்."

பள்ளிக்கூடப் பக்கத்து வேலியில் ஒரு சுழல் கதவு உண்டு. எங்கேயும் போகாதவர்களுக்கு அந்தப் பக்கம் என்ன வேலை என்று அதற்குக் காவல் போடவில்லை. பிள்ளைகளை அதன் வழியே அனுப்பிவிட்டு நாங்கள் வந்த வழியே திரும்புவோம். முதல் நாளே சிப்பாய் பதிவேட்டைப் புரட்டி, "உள்ள போனது ரெண்டு, வெளிய வர்றது ஒண்ணு. பாப்பா எங்க?" என்றார்.

ஸ்கூல் என்று சொன்னால் அட்டை போய்விடும். "அவ இன்னும் ரசிச்சுக்கிட்டிருக்கா," என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார்: 'ஒருவர் ரசனையில் உள்ளார்.'

சாயங்காலம் பிள்ளைகள் வேனில் வீடு வந்துவிடுவதால் பதிவேட்டில் யாரும் வெளியே வரவே இல்லை. ஆறு நாளில் ரசனையில் உள்ளவர்களின் எண்ணிக்கை எண்பத்துநாலு ஆனது. அதில் என் மகள் மட்டும் ஆறு பேர்.

ஏழாவது நாள் வருடாந்திரச் சுடும் பயிற்சி. குன்றின் மேல் எண்பத்துநாலு பொதுமக்கள் இருக்கும்போது எப்படிச் சுடுவது? பயிற்சியைத் தள்ளிவைத்து, நாற்பது சிப்பாய்களைத் தேடச் சொன்னார்கள். அவர்கள் புதர் புதராகத் தேடி வேலிவரைக்கும் போனார்கள். வேலியைத் தாண்ட அவர்களுக்கு அனுமதி இல்லை. திரும்பி வந்து அறிக்கை கொடுத்தார்கள்: 'குன்றில் குழந்தைகள் இல்லை. குழந்தைகளின் சத்தம் உள்ளது. மூன்றாம் வாய்ப்பாடு தெளிவாகக் கேட்டது.'

மேலிடம் பயிற்சி என்னாயிற்று என்று விளக்கம் கேட்டது. பாதை அலுவலர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"அம்மா, எண்பத்துநாலு பேரையும் எப்படியாவது வெளிய கொண்டு வரணும்."

"தெருவுக்கே பதினாலுதான் சார்."

"பதிவேட்டுல எண்பத்துநாலு இருக்கே."

பக்கத்தில் பட்டன் தைத்துக்கொண்டிருந்த தையல்கார அக்கா நிமிரவே இல்லை. "மிச்ச எழுபதும் உங்க பதிவேட்டுக்குப் பொறந்தது. அதுங்களுக்கு நாங்க எப்படி சார் பொறுப்பு?"

"ஸ்கூலுக்குப் போகுதுங்கன்னு எழுதவிட்டிருந்தா அன்னன்னிக்கே முடிஞ்சிருக்கும் சார்," என்றேன் நான்.

அவர் அதைக் குறித்துக்கொண்டு போனார். இரண்டு நாளில் புது விதி வந்தது: 'நோக்கமின்றி நடந்து நற்சான்று பெற்ற நடைப்பயணிகளுக்கு, நன்னடத்தையின் பேரில், நோக்கம் ஒன்று அனுமதிக்கப்படும்.' எங்களுக்கு மஞ்சள் அட்டை கிடைத்தது.

பதிவேட்டை நேராக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினாலு பிள்ளைகளையும் வாசல் வழியாக ஆறு தடவை வெளியே நடத்தினோம். ஒவ்வொரு தடவையும் அவர்கள் மறுபடி உள்ளே ஓடும்போது சிப்பாய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாள் சுட்டார்கள். அதற்கடுத்த நாள் மகள் மழைக்கோட்டு இல்லாமல், புத்தகப் பை தெரிய, இருபதே நிமிஷத்தில் பள்ளிக்குப் போனாள்.

இனி வருகிற மஞ்சள் அட்டை விண்ணப்பங்களை ஆராய ஒரு குழு வேண்டும், அனுபவம் உள்ளவர்கள் இருந்தால் நல்லது என்று அலுவலர் என்னையும் தையல்கார அக்காவையும் உறுப்பினராக்கினார். சட்டையில் குத்திக்கொள்ள வில்லை கொடுத்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

முதல் விண்ணப்பம் போன வாரம் வந்தது. நாலாவது வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த நர்ஸ், ஒன்றாம் வகுப்பில் ஒரு பையன். நோக்கம்: பள்ளி. சேருமிடம்: பள்ளி.

"என்னக்கா இது, எடுத்த எடுப்புலயே இப்படி எழுதியிருக்கா?"

"நாம எத்தனை நாள் சும்மா நடந்தோம்," என்றாள் அக்கா. "இவளுக்கு மட்டும் நேரா நோக்கமா?"

நர்ஸ் எங்கள் முன்னால் நின்றாள். "அக்கா, ஒன்பது மணிக்குக் கதவ பூட்டிடறாங்க. ஏற்கெனவே அஞ்சு நாள் போயிடுச்சு."

"புரியுதும்மா," என்றேன். நிஜமாகவே புரிந்தது. "ஒரு மாசம் எங்கேயும் போகாம நடந்து காட்டு. அப்புறம் பேசிக்கலாம்."

அவள் பையனைக் கூட்டிக்கொண்டு சுற்றுவழியில் இறங்கினாள். அக்கா விண்ணப்பத்தை மடித்து வைத்தாள்.

"நல்ல பொண்ணுதான்," என்றாள். "கொஞ்சம் அவசரம்."