கடைசி நிமிடம் பார்க்காத வைத்தியர்

ஊருக்கு ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறதோ இல்லையோ, குடும்பத்துக்கு ஓர் 'அனுப்பி' வைத்தியர் இருக்கிறார், வீடியோ அனுப்பியே வைத்தியம் பார்ப்பவர். அவருக்குப் படிப்பு வேண்டியதில்லை. எனக்கும் அது இல்லை. ஆறாம் வகுப்போடு லேத் பட்டறைக்குப் போனவன் நான், படிக்காதவனைக் கிண்டல் செய்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். அவருக்கு வேண்டியதெல்லாம் ஒரு கைபேசி, அடுத்தவர் உடம்பில் ஒரு நோய்.

எங்கள் குடும்பத்தில் அந்தப் பதவி என் சகலைக்கு. டயர் கடை வைத்திருக்கிறார். என் அண்ணன் முப்பது வருடம் கார்களுக்கு ஸ்பிரே பெயிண்ட் அடித்தவர். பாதியைக் காருக்கும் மீதியைத் தன் நெஞ்சுக்கும் பூசிக்கொண்டார். இப்போது சட்டையை மாட்டினாலே இரைக்கும். அதைக் கேள்விப்பட்ட அன்றே சகலை களத்தில் இறங்கிவிட்டார்.

"ஒரு நாளைக்கு நாப்பது டயருக்குக் காத்து அடிக்கிறேன். காத்தைப் பத்தி எனக்கே சொல்றீங்களா?"

ஒரு வீடியோ நல்லதா கெட்டதா என்று இவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்கிறீர்கள்? பேசுகிறவர் வெள்ளைக் கோட்டுப் போட்டிருக்க வேண்டும், பின்னால் புல்லாங்குழல் அழ வேண்டும், தலைப்பில் 'மருத்துவர்கள் மறைத்த ரகசியம்' என்று சிவப்பு எழுத்து வேண்டும், கீழே நாலு லட்சம் பேர் பார்த்திருக்க வேண்டும். இவ்வளவும் இருந்துவிட்டால் முதல் நாற்பது விநாடியைப் பார்த்து, குடும்பத்தின் மூன்று வாட்ஸாப் குழுக்களுக்கும் தட்டிவிட்டு, 'பார்த்தீங்களா?' என்று போன் போட்டு வேறு கேட்பார். காலையில் 'வெந்நீர்தான் மருந்து' என்று வரும். மதியம் 'வெந்நீர் நுரையீரலின் எதிரி' என்று வரும். இரண்டுக்கும் கீழே அதே கும்பிடு பொம்மை.

நல்ல வீடியோ இல்லாமல் இல்லை. இன்ஹேலரை வேளை தவறாமல் இழு, இரைத்தால் உட்கார்ந்து முன்னால் சாய்ந்து முழங்கையை மேசையில் ஊன்று, உதட்டைக் குவித்து மெல்ல ஊது, படியில் ஊதிக்கொண்டே ஏறு என்று ஆஸ்பத்திரி நர்ஸம்மா அண்ணனுக்குச் சொன்னதையே ஓர் அம்மாள் புல்லாங்குழல் இல்லாமல் சொல்கிறார். பார்த்தவர்கள் இருநூறு பேர். சகலை கொட்டாவி விட்டார்.

"இதுல என்ன ரகசியம் இருக்கு?"

அண்ணனுக்கு இது விளையாட்டில்லை. இனிப் பெயிண்ட் பக்கமே போகக் கூடாது என்றாகிவிட்டது. அவர் பெயிண்ட் அடித்த பட்டறையின் முதலாளி, மாடி ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலை தருகிறேன் என்றிருந்தார். ஒரே நிபந்தனை. இருபத்திரண்டு படி; திங்கட்கிழமை ஏறிக் காட்ட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை சகலை அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார், 'நுரையீரலை இரட்டிப்பாக்கும் பயிற்சி'யோடு. இருபது நிமிட வீடியோ. கடை திறக்க நேரமாகிறதென்று இரட்டை வேகத்தில் ஓடவிட்டார். உள்ளே இருந்தவர் 'மிக மிக மெதுவாக' என்பதை ரயிலைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி சொன்னார். அண்ணனும் அதே வேகத்தில் இழுத்தார், விட்டார், இழுத்தார். 'இப்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்' என்றது போன். அந்த இடம் பார்த்து நெட் நின்றது. திரையில் வட்டம் சுற்றியது.

"பிடிங்கண்ணே! விட்டுடாதீங்க, இப்ப வந்துரும்!"

வட்டம் சுற்றியது. அண்ணன் முகம் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்தது. சமையலறையிலிருந்து ஓடிவந்த அண்ணி அவர் முதுகில் ஒன்று வைத்தார்.

"மூச்சை விடுங்க! நெட்டு நின்னா நீங்களும் நிக்கணுமா?"

இன்ஹேலர், மேசை, குவித்த உதடு. பத்து நிமிடம் கழித்து ஆள் திரும்பி வந்தார். அதற்குள் வட்டம் நின்று, வீடியோ தன் பாட்டுக்கு ஓடி, கடைசி நிமிடத்துக்கு வந்திருந்தது. வெள்ளைக் கோட்டு கைகூப்பிச் சொன்னது: 'நாள்பட்ட மூச்சுத்திணறல் உள்ளவர்கள் இந்தப் பயிற்சியைச் செய்யவே கூடாது.'

அண்ணி சகலையைப் பார்த்தார். சகலை மின்விசிறியைப் பார்த்தார்.

"கடைசி வரைக்கும் யாருங்க பாக்குறா?"

அண்ணனிடம் பேசக் கொஞ்சம் மூச்சு மிச்சமிருந்தது. "ஏன் தம்பி... டயருக்குக் காத்து அடிக்கிறப்ப... மீட்டர் பாப்பீங்கல்ல?"

"பாக்காம? வெடிச்சுரும்ல!"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. அரை நிமிடம் உறைத்திருக்கும். பிறகு அவருடைய போனில் புதிதாக ஒன்று வந்தது.

திங்கட்கிழமை நானும் கூடப் போனேன். அண்ணன் கைப்பிடியைப் பற்றி, உதட்டைக் குவித்து, இரண்டு படிக்கு ஓர் ஊது என்று ஏறினார். பன்னிரண்டாம் படியில் நின்றுவிட்டார். கீழே முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குத்தான் மூச்சு அடைத்தது. அண்ணன் சுவரில் சாய்ந்து நிதானமாக நாலு ஊது ஊதினார், மறுபடி ஏறினார்.

"என்னப்பா, பாதியில நின்னுட்ட?"

"ஏறிட்டேன்ல முதலாளி?" என்றார் மேலே இருந்து.

ஸ்டோர் சாவி கைக்கு வந்தது.

அன்று சாயங்காலமே எல்லாக் குழுக்களிலும் ஒரு வீடியோ. டயர்களுக்கு நடுவே, வெள்ளைச் சட்டையில், சகலை. பின்னால் புல்லாங்குழல். 'என் ஒரே பயிற்சியில் இருபத்திரண்டு படி ஏறியவர்!' அண்ணி ஒரு வரி எழுதினார்: "கடைசி நிமிஷத்துல என்ன சொல்லியிருக்கீங்க?" மறுநாளுக்குள் நானூறு பேர் பார்த்துவிட்டார்கள்.

சிரிக்கிறீர்கள். சரி. உங்கள் போனையும் கொஞ்சம் எடுங்கள். உடம்பு முடியாத ஒருவருக்கு நீங்கள் கடைசியாக அனுப்பியது எது? அதை முடியும்வரை பார்த்தீர்களா? இதைக்கூட மூன்றாவது பத்தியிலேயே, 'அருமை, அவசியம் படிக்கவும்' என்று நாலு பேருக்குத் தட்டிவிட்டுத்தானே மீதியைப் படிக்கிறீர்கள்? கடைசி வரியில் நான் என்ன எழுதப்போகிறேன் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

மூச்சு இரைக்கிறவர்கள் இதைப் படித்துச் சிரிக்கவே கூடாது.