பிரியாணிக்கு முன்பு சொன்ன சேதி

ஷார்ஜாவில் இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் தாஜுதீன் அவர்களுக்கு, திருச்சி பாலக்கரையிலிருந்து அப்துல் ஹலீம் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் துஆவில் இங்கே எல்லோரும் சுகம். என் வேலைக்குத்தான் சுகமில்லை. அங்கே எனக்கொரு வேலை பார்த்து வையுங்கள். போனில் சொன்னால் உங்கள் தங்கை கமருன்னிசா காதில் விழும், அதனால்தான் தபால்.

மணப்பாறை முறுக்கை வாங்கி பாக்கெட் போடும் எங்கள் கம்பெனிக்கு முதலாளி அற்புதசாமி மெஷின் வாங்கப் போகிறார். மெஷின் வந்தால் பாக்கெட் போடும் பெண்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போக வேண்டும். சூப்பர்வைசரான என்னைக் கூப்பிட்டு, "ஹலீம், நாளைக்கு எல்லாருக்கும் பிரியாணி போடுங்க. கை கழுவின பிறகு மெதுவா விஷயத்தைச் சொல்லுங்க" என்றார். போன தடவை அவர் பிரியாணி போட்டபோதுதான் போனஸ் பாதியானது. உப்பைத் தின்ற கையோடு எதிர்த்துப் பேச யாருக்கு மச்சான் வாய் வரும்? எனக்கு மனசு ஒப்பவில்லை. மறுநாள் எல்லோரும் தட்டோடு உட்கார்ந்ததும், பிரியாணி தேக்சாவின் மூடியைத் திறக்காமல் அமுக்கிப் பிடித்துக்கொண்டு முழுக்கச் சொல்லிவிட்டேன். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி வரும் அமிர்தம் தட்டைக் கவிழ்த்தார். "அப்ப இது எங்க வேலைக்குக் கருமாதிச் சாப்பாடுங்களா, பாய்?" எல்லாத் தட்டும் கவிழ்ந்தது. நானோ காலையிலிருந்து வெறும் டீயோடு இருந்தவன்! நன்றி சொல்லும் முகங்களைப் பார்க்க அந்த நேரம் பார்த்து முதலாளி வருகிறார்.

"என்ன ஹலீம், சாப்பாடு முடிஞ்சுதா?"

"சாப்பாடு முடியலைங்க, விஷயம் முடிஞ்சிருச்சு."

கத்து கத்தென்று கத்தினார். "ஆளைக் குறைக்கிறதுன்னா முதல்ல என்னை அனுப்புங்க. மெஷினை மேய்க்க சூப்பர்வைசர் எதுக்குங்க?" என்றது என் வாய். சத்தியமாக என்னைக் கேட்டுக்கொண்டு சொல்லவில்லை. "சரி, சாப்பிடுங்க, அப்புறம் பேசலாம்" என்றார். "பேசிட்டுச் சாப்பிடலாங்க" என்றார் அமிர்தம். முதலாளிக்கும் பசிதான், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கடைசியில், யாரையும் அனுப்பாமல் வழி உண்டா என்று பார்ப்பதாக வாக்குக் கொடுத்த பிறகே மூடி திறந்தது. ஆறிப்போன பிரியாணியை இவ்வளவு சிரிப்போடு யாரும் தின்று நான் பார்த்ததில்லை. அமிர்தம் லெக் பீஸை என் தட்டில் வைத்தார். முதலாளி மட்டும் என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். என் கதை முடிந்தது மச்சான்.

பிள்ளைகளுக்கு என் ஸலாம். உங்கள் சம்பாத்தியத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. பக்கத்தில் எனக்கும் ஒரு நாற்காலி கிடைக்கட்டும்.

அன்புடன்,
அப்துல் ஹலீம்

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் முதலாளி வீட்டிலிருந்து எனக்கு மட்டும் ஒரு பிரியாணிப் பொட்டலம்! பிரிக்காமல் வைத்துவிட்டு வாசலுக்குப் போய் அவருக்குப் போன் போட்டேன். "முதல்ல விஷயத்தைச் சொல்லுங்க, அப்புறம்தான் பிரிப்பேன்." மனிதர் சிரித்தார். "மெஷினும் வருது, ஆளுங்களும் இருக்காங்க. துவாக்குடிப் பக்கம் புது ஆர்டர் பிடிக்கிறேன். மெஷினை ஓட்ட அவங்களுக்கே நீங்கதான் பழக்கணும்" என்றார். ஆகவே அங்கே எனக்கு வேலை தேட வேண்டாம். சந்தோஷமாக உள்ளே வந்தால், ஒன்றும் அறியாத உங்கள் தங்கை பாதிப் பொட்டலத்தை முடித்திருந்தாள். லெக் பீஸையும் காணோம்.