மூன்று டார்ச்சும் மூழ்கிய விவரம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் அப்படியே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பக்கத்தில் நின்ற என் மனைவி, "பொய் எழுதாதீங்க" என்றாள். ஆகவே அந்த வரியை விட்டுவிட்டு மேலே போகிறேன்.

விஷயம் உங்கள் மருமகளின் டார்ச்சைப் பற்றியது. துறைமுகத்தில் கப்பலுக்கு அடியில் முங்கிப் போய், அதன் அடிவயிற்றைத் தடவித் தடவி, எங்கே விரிசல், எங்கே துரு என்று எழுதிக் கொடுக்கிற வேலைக்கு அவள் போன நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போனது உங்களுக்குத் தெரியும். நீங்கள்தான் அன்றைக்கு அவள் பக்கம் பேசினீர்கள். நான், "கரையில உனக்கு வேலையே கிடைக்கலியா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டேன். அந்த ஒரு வார்த்தைக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. அதற்குப் பிறகு போனில் "சாப்டியா", "சாப்டேன்பா" தவிர எங்களுக்குள் பேச்சில்லை. அப்படி இருந்தவள் போன மாதம் தானாகக் கூப்பிட்டாள். கம்பெனியில் கொடுக்கிற பெரிய விளக்கு ஒன்று உண்டாம். அது அணைந்துபோனால் எடுப்பதற்கு இடுப்பில் இன்னொன்று இருக்க வேண்டுமாம். துறைமுகத் தண்ணீரில் விளக்கு போய்விட்டால் நீட்டின கை தெரியாது என்றாள். நான் பதில் சொல்லுமுன், "அப்பா, அதை நீங்களே பார்த்து வாங்குங்க. நீங்க சரின்னு சொன்ன பொருள்னா எனக்குப் பயமில்ல" என்றாள். சம்பந்தி, போனை வைத்துவிட்டு நான் கொஞ்ச நேரம் பால்கனியில் போய் நின்றேன். வேறு ஒன்றும் இல்லை, சும்மா நின்றேன்.

ஃபேன் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் தரப் பரிசோதனை மேஜையில் உட்கார்ந்தவன் நான். என் மேஜையைத் தாண்டிப் போன ஃபேன் எதுவும் இதுவரை யார் தலையிலும் விழுந்ததில்லை. அங்கே எனக்கு 'ரிஜெக்ட்' என்றே பெயர். எதையும் பிரித்துப் பார்க்காமல் நான் பாஸ் போட்டது கிடையாது. அந்தத் தெம்பில்தான் இறங்கினேன்.

முதல் டார்ச், விஷயம் கேள்விப்பட்டு நீங்கள் அனுப்பியது. தப்பாக நினைக்க வேண்டாம், உங்கள் மனசுக்கு நன்றி. பொருளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். வழக்கம்போலப் பிரித்தேன். ஸ்டிக்கர், ஈரம் உறிஞ்சுகிற குட்டிப் பொட்டலம், வழியில் மூடி உராயாமல் இருக்க மாட்டி அனுப்பும் கறுப்பு ரப்பர் என்று கடைக்காரர்கள் சேர்த்து அனுப்பும் குப்பையையெல்லாம் களைந்தேன். துடைத்து, பாட்டரி போட்டு, கை வலிக்க மூடியைத் திருகி, குளியலறை வாளியில் போட்டேன். மூன்று நிமிஷம் ஜோராக எரிந்தது. நாலாவது நிமிஷம் குமிழி குமிழியாக விட்டது. ஐந்தாவது நிமிஷம் கண்ணை மூடியது. ஒரு வாளித் தண்ணீரைத் தாங்காதது கடலை எப்படித் தாங்கும்? ரிஜெக்ட் என்று எழுதி ஜன்னலோரம் காயப் போட்டேன். ரப்பரை மட்டும் என் மனைவி எடுத்துத் தலைமுடியில் போட்டுக்கொண்டாள். கெட்டியான ரப்பராம்.

இரண்டாவதை முங்கு சாமான்கள் விற்கிற கடையிலேயே போய் வாங்கினேன். "நூறு மீட்டர் ஆழம் தாங்கும் சார், கண்ண மூடிட்டு வாங்கலாம்" என்றான் கடைக்காரன். கண்ணைத் திறந்துகொண்டுதான் வாங்கினேன். வீட்டுக்கு வந்து அதே முறைப்படி பிரித்து, குப்பையைக் களைந்து, வாளியில் ஆழம் போதாது என்பதால் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குக் கொண்டுபோனேன். கயிற்றில் கட்டி இறக்கினேன். முடிச்சு அவிழ்ந்தது. டார்ச் தொட்டியின் அடியில் போய் எரிந்துகொண்டே படுத்தது, பிறகு எரியாமல் படுத்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான் உள்ளே இறங்கிக் காலால் துழாவிக்கொண்டிருந்தபோது, தண்ணீர் கலங்கலாக வருகிறதே என்று பார்க்க எங்கள் குடியிருப்புச் செயலாளர் மேலே வந்தார். "சார், இது குடிக்கிற தண்ணி" என்றார். "எனக்கும் குடிக்கிற தண்ணிதான்" என்றேன். அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அன்று சாயங்காலமே தொட்டிக்குப் பூட்டுப் போட்டாயிற்று. லிஃப்டில் யாரும் என்னோடு ஏறுவதில்லை. நான் வந்தால் எல்லாருக்கும் திடீரென்று படியேறுவதில் ஆசை வந்துவிடுகிறது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் நீங்கள் போன் செய்தீர்கள். நான் பட்ட பாட்டைச் சொல்லி முடிக்கவில்லை, "வாஷர் சரியா உக்காந்திருக்கான்னு பார்த்தீங்களா சம்பந்தி?" என்று கேட்டீர்கள். நான் பட்டென்று வைத்துவிட்டேன். அது மரியாதை இல்லைதான், மன்னிக்கவும். ஆனால் நீங்களும் யோசித்துப் பாருங்கள். நீங்கள் குழாய் வேலை கான்ட்ராக்டர். உலகத்தில் எது ஒழுகினாலும் உங்களுக்கு வாஷர்தான் ஞாபகம் வரும். டார்ச் என்ன சமையலறைக் குழாயா? இரண்டையும் பிரித்துப் பார்த்தவன் நான், உள்ளே வாஷர் என்று ஒன்று கிடையவே கிடையாது. இருந்தால் என் கண்ணில் படாமல் போகுமா?

மூன்றாவது தபாலில் வந்தது, மூன்றிலும் பெரியது. அதே முறைப்படி பிரித்து, குப்பையைக் களைந்து, எரிகிறதா என்று மேஜைமேல் வைத்துப் பார்த்தேன். தண்ணீருக்குள் மட்டுமே எரிய விட வேண்டும், வெளியில் விட்டால் கொதித்துப்போகும் என்று காகிதத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்ததாம். மேஜை விரிப்பில் வட்டமாகக் கருகியபிறகு என் மனைவி படித்துக் காட்டினாள். தொட்டிதான் பூட்டாயிற்றே, நீச்சல் குளத்துக்கு எடுத்துப் போனேன். எனக்கு நீந்தத் தெரியாது. குழந்தைகள் பக்கம் இடுப்பளவுத் தண்ணீரில் டார்ச்சை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். காவலுக்கு நிற்பவர் கரையோரம் வந்து குனிந்து, "ஏதாவது தொலைச்சிட்டீங்களா? பட்டப்பகல்ல டார்ச் அடிக்கிறீங்களே" என்றார். "என் பொண்ணுக்கு" என்றேன். அவர் பதறிப்போய் விசிலை ஊதி எல்லாரையும் வெளியே ஏற்றிவிட்டார். பொண்ணு தண்ணீருக்குள் இல்லை, கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள் என்று நான் விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் கையிலிருந்த டார்ச் அணைந்திருந்தது. அசடு வழிய வீட்டுக்கு வந்தேன்.

சம்பந்தி, எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆயிரக்கணக்கான ஃபேனைப் பார்த்துச் சரி என்றவன், பெற்ற பெண் கேட்ட ஒரே ஒரு பொருளைப் பார்த்துச் சரி என்று சொல்ல முடியவில்லை. யோசித்துப் பார்த்தால் அவள் செய்வதும் என் வேலைதான். நான் மேஜையில் செய்ததை அவள் தண்ணீருக்குள் செய்கிறாள். இதை அவளிடம் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. வருகிற திங்கட்கிழமை கலங்கல் தண்ணீரில் ஒரு பெரிய கப்பலுக்கு அடியில் இறங்குகிறாளாம். நம்பி இடுப்பில் கட்டிக்கொள்ள இந்த உலகத்தில் ஒரு டார்ச் கிடையாது என்பது என் முடிவு. அதனால் நீங்கள்தான் பக்குவமாக எடுத்துச் சொல்லி, அந்த வேலையை விடச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் அவள் மறுபடி "சாப்டேன்பா"வுக்குப் போய்விடுவாள். எனக்கு அதைத் தாங்குகிற தெம்பு இல்லை. ஆதாரத்துக்கு மூன்று டார்ச்சையும் இத்துடன் அனுப்புகிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கும் என் மகளுக்கும் எங்கள் ஆசிகள். ஆசி தண்ணீருக்குள்ளும் செல்லும் என்றுதான் நினைக்கிறேன், அதை நான் சோதித்துப் பார்க்கவில்லை.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கடிதத்தைச் சுருட்டி மாட்ட ஒரு ரப்பர் கேட்டேன். என் மனைவி தலையிலிருந்து கழற்றிக் கொடுத்தாள். அதோடு சும்மா இருந்திருக்கலாம். "ஏங்க, சம்பந்தி அன்னைக்கு வாஷர்னு கேட்டாரே, அது பார்க்க எப்படிங்க இருக்கும்?" என்றாள். "அதுவா, கறுப்பா இருக்கும். வட்டமா, கெட்டி ரப்பர்ல, மூடிக்கும் மரைக்கும் நடுவுல உக்கார்ற மாதிரி..." என்று கையில் இருந்ததையே தூக்கிக் காட்டி விளக்கிக்கொண்டு வந்தேன். பாதியில் வாய் நின்றுவிட்டது. அவள் அவிழ்ந்த முடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றாள்.

பிந்தி வந்த இரண்டும் பிழைக்கவில்லை. நீங்கள் அனுப்பியது மட்டும் ஜன்னலோரம் நன்றாகக் காய்ந்திருந்தது. ரப்பரைக் கழுவிப் போட்டேன், கனகச்சிதமாக உட்கார்ந்தது. பத்து மணிக்கு வாளியில் போட்டேன். இப்போது மணி நாலு. எரிகிறது.

மேலே எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு எழுதியிருக்கலாம். ஆனால் ரிஜெக்ட் ஆனதை மறைக்கக் கூடாது என்பது என் மேஜையின் சட்டம். வேலையை விடச் சொன்ன இடத்தை மட்டும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். புது பாட்டரி போட்டு உங்கள் டார்ச்சை மட்டும் அனுப்புகிறேன். நான் பார்த்த பொருளை இன்னொருவரும் பார்க்கட்டும் என்று முப்பத்தோரு வருஷத்தில் ஒரு நாளும் சொன்னதில்லை. இதை நீங்கள் ஒரு தடவை பிரித்துப் பார்த்துவிட்டு அவளிடம் கொடுங்கள். அப்பா சரி என்று சொன்னார் என்று மட்டும் சொல்லுங்கள்.

பிரித்தால், அந்த ரப்பரைத் திரும்பப் போட மறந்துவிடாதீர்கள்.