மூணு டிரவுட்டும் ஒரு ஊக்கும்

போன சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஒரு மீன் கொண்டு வரணும்.

வாங்கிட்டு வர்றது இல்ல. பிடிச்சுட்டு வர்றது.

நான் மதுரைக்காரி. எங்க ஊர் ஆத்துல மீனைவிட கிரிக்கெட் விளையாடுறவங்கதான் அதிகம். கல்யாணம் பண்ணிப் போனது தூத்துக்குடி வீட்டுக்கு. அங்கிருந்து நேரா டெல்லி, மயூர் விஹார். பதினெட்டு வருஷம் ஆச்சு. ஆட்டோக்காரர்கிட்ட இந்தியில சண்டை போடுற அளவுக்குத் தேறிட்டேன். மாமனாருக்கு மட்டும் நான் இன்னும் "மீனு தெரியாத புள்ள"தான்.

மாமா தூத்துக்குடி துறைமுகத்துல மீன் ஏலம் போட்டவரு. ரிட்டயர் ஆனாலும் அந்த ஏலப் புத்தி போகல. நம்ம வீட்டுக்கு எந்த மீன் வந்தாலும் ஒரு சோதனை நடக்கும். முதல்ல கண்ணு. அப்புறம் செவுளைத் தூக்கி நிறம். வயித்துல கட்டைவிரலால ஒரு அழுத்து. கடைசியா வாயைத் திறந்து, தூண்டில் முள்ளு தைச்ச தடம் இருக்கான்னு பாப்பாரு. தூண்டில்ல வந்த மீனுக்கு ஒரு விலை, வலையில வந்த மீனுக்கு ஒரு விலை. வலையில நசுங்கி வந்த மீனை அவரு மதிக்கவே மாட்டாரு.

இப்ப எங்களோட இருக்க டெல்லிக்கு வந்த மூணு வாரத்துல அவரு ஒரு துண்டு மீன் சாப்பிடல. என் வீட்டுக்காரர் செந்தில் எத்தனையோ இடத்துல வாங்கிட்டு வந்து பாத்தாச்சு. எல்லாத்தையும் கண்ணுலயே ஃபெயில் பண்ணிட்டாரு. தயிர்சாதம் சாப்பிட்டுட்டு, பால்கனியில நின்னு ஊர்ல இருக்குற ஃப்ரெண்டுகிட்ட போன்ல, "மருமவ நல்லாத்தான் பாத்துக்கிடுதா. ஆனா மதுரக்காரி, பாவம், அவளுக்கு என்ன தெரியும்"னு சொன்னது என் காதுல விழுந்துச்சு.

அந்த "பாவம்"தான் என்னைக் கிளப்பி விட்டுச்சு.

எங்க ஆபீஸ்ல லேடீஸ் எல்லாம் குலு பக்கம் டூர் போறதா இருந்தோம். அங்க ஊத்துத் தண்ணி ஓடுற ஓடையில டிரவுட் மீன் பிடிக்கலாம்னு ஒருத்தி சொல்லியிருந்தா. நான் நேரா போய் மாமா முன்னாடி நின்னு, "நானே தூண்டில் போட்டுப் பிடிச்சுட்டு வரேன் மாமா"ன்னுட்டேன்.

செந்தில் சிரிச்சாரு. அவரு சிரிச்சதுகூடப் பரவாயில்ல. மாமா சிரிக்கல. பாவமா ஒரு பார்வை பாத்தாரு. அதுதான் தாங்கல.

சனிக்கிழமை காலையில ஆபீஸ் கும்பல் சால்வை வாங்கக் கிளம்பிருச்சு. நான் மட்டும் பர்மிட் எடுத்துக்கிட்டு ஓடைக்கு. கூட்டிட்டுப் போக ராம்லால்னு ஒரு உள்ளூர்க்காரர். எண்ணிப் பேசுற மனுஷன்.

தண்ணியில கால் வச்சேன். கால் இருக்கா இல்லையான்னே தெரியல. டெல்லி ஜனவரியெல்லாம் இதுகிட்ட நிக்கவே முடியாது. முட்டி வரைக்கும் ரப்பர் பூட்ஸ் குடுத்திருந்தாரு. அது எனக்கு ரெண்டு சைஸ் பெருசு. ஒரு அடி வச்சா பூட்ஸ் ஒரு பக்கம் போகுது, நான் ஒரு பக்கம் போறேன்.

ராம்லால் மூணே விஷயம் சொன்னாரு. நிழல் தண்ணியில விழக்கூடாது. குதிக்கக்கூடாது. பேசக்கூடாது.

மதுரைக்காரியை பேசாதேன்னு சொன்னா எப்படிங்க?

முதல் வீச்சுல என் துப்பட்டா மாட்டுச்சு. ரெண்டாவது வீச்சுல ஒரு மரக்கிளை. மூணாவதுல ராம்லாலோட கம்பளித் தொப்பி. அவரு தொப்பியைக் கழட்டி, முள்ளை எடுத்து, தொப்பியை மறுபடியும் போட்டுக்கிட்டு, பத்தடி தள்ளிப் போய் ஒரு பாறைக்குப் பின்னாடி நின்னுக்கிட்டாரு.

அப்பத்தான் மாமா போன். காதுல இயர்போன் இருந்ததால எடுத்துட்டேன்.

என்ன இரை போட்டிருக்கன்னு கேட்டாரு. இரை இல்ல மாமா, பளபளன்னு சுத்துற ஒரு தகடுன்னு கிசுகிசுத்தேன். தகட்டைத் திங்கற மீனு என்ன மீனுன்னு அதுக்கு ஒரு விசாரணை. பாறைக்குப் பின்னாடி இருந்து ராம்லால், "மேடம் ஜி, சுப்"னு பேச்சை நிறுத்தச் சொன்னாரு. யாரும்மா அதுன்னு மாமா. இப்படி ஒரு காதுல தூத்துக்குடி, ஒரு காதுல இமாச்சல்.

திடீர்னு கம்பு வளைஞ்சுச்சு.

சத்தியமா சொல்றேன், எனக்கு ஒண்ணுமே ஓடல. எப்படி சுத்தினேன், எப்படி இழுத்தேன்னு கேக்காதீங்க. ராம்லால் ஓடி வந்து வலைக்கூடையில ஏந்தினாரு. பாத்தா மீன்! உடம்பு பூரா புள்ளி. வாயோரத்துல முள்ளு தைச்ச இடத்துல ஒரு பொட்டு ரத்தம்.

"மாமா, பிடிச்சுட்டேன்!"னு கத்தினேன். அந்தப் பள்ளத்தாக்குல மிச்சம் இருந்த மீனெல்லாம் அதோட ஊரைக் காலி பண்ணியிருக்கும்.

 மாமா குரல் மாறிப்போய், "தூண்டியிலயா?"ன்னாரு.

"தூண்டில்லதான் மாமா."

"எலே செந்திலு, புளிய ஊறப்போடு"ன்னு அவரு சத்தம் குடுத்துக்கிட்டே போனை வச்சுட்டாரு. என்னை நம்பிட்டாரு. பதினெட்டு வருஷம்ங்க.

திரும்பிப் பாத்தா ராம்லால் அந்த மீனைத் தூண்டில் கம்போட சேத்து வச்சு அளக்குறாரு. கம்புல ஒரு சிவப்பு டேப் ஒட்டியிருந்துச்சு. மீன் அந்த டேப்பைத் தொடல. ரெண்டு விரல் குறையுது.

"சோட்டா ஹை. வாபஸ்."

அளவு வராத மீனைத் தண்ணியில திரும்ப விட்டுடணுமாம். பர்மிட்லயே போட்டிருக்காம். நான் கெஞ்சினேன். பய்யா, வீட்டுல புளி ஊறிக்கிட்டு இருக்குன்னேன். இந்தியில புளியோட அவசரத்தை எப்படிப் புரிய வைக்கிறது? அவரு, "பச்சா ஹை, மேடம் ஜி", குட்டி அதுன்னு சொல்லிக்கிட்டே மீனைத் தண்ணிக்குள்ள மெதுவாப் பிடிச்சாரு. அது ரெண்டு தடவை செவுளை அசைச்சுட்டு, ஒரு துள்ளல்ல போயே போச்சு. அவசரமா எடுத்த போட்டோவுல ராம்லாலோட பூட்ஸ் மட்டும் நல்லா விழுந்திருக்கு.

அப்புறம் சாயங்காலம் வரைக்கும் நின்னேன். ஒண்ணும் மாட்டல. தொப்பிகூட மாட்டல.

ராம்லாலுக்கே மனசு கேக்காம, கீழ ரோட்டோரம் ஒரு டிரவுட் பண்ணை இருக்குன்னு சொன்னாரு. போனேன். தொட்டி தொட்டியா மீன். ஒரு ஆளு வலையை விட்டாரு, அள்ளினாரு. அஞ்சு நிமிஷம்கூட ஆகல. பிடிச்சது ஒண்ணுன்னு சொன்ன நான், வாங்கினது மூணு. பொய்தான்னு ஆன பிறகு எதுக்குக் கஞ்சத்தனம்? தெர்மாகோல் பெட்டியில ஐஸைக் கொட்டி, மூணையும் படுக்க வச்சு, பஸ் ஏறிட்டேன்.

காலையில டெல்லிக்கு முன்னாடி பஸ் டீக்கு நின்னுச்சு. ரெண்டு வாய் குடிச்சிருப்பேன். பகீர்னு ஆயிருச்சு.

வாய்! மாமா வாயைத் திறந்து பாப்பாரே!

பெட்டியைத் தூக்கிக்கிட்டு டீக்கடைக்குப் பின்னாடி ஓடினேன். துப்பட்டாவுல குத்தியிருந்த ஊக்கைக் கழட்டினேன். மீனைப் பிடிச்சு, வாயோரத்துல ஒரு குத்து குத்தி, கொஞ்சம் கிழிச்சும் விட்டேன். பரவாயில்ல, அசலாட்டமே இருக்கு. அதே மாதிரி மத்த ரெண்டுக்கும். பாத்திரம் கழுவுற அம்மா ஒருத்தங்க கையில சோப்போட என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. பல்லு பாக்குறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

வீட்டுக்குள்ள நுழைஞ்சா மாமா குளிச்சு, திருநீறு பூசி, அருவாமனை முன்னாடி உக்காந்திருக்காரு. செந்தில் சின்ன வெங்காயம் உரிச்சு வச்சிருக்காரு. இந்த மனுஷன் எனக்காக ஒரு நாளாவது உரிச்சிருப்பாரா?

சோதனை ஆரம்பிச்சுது. கண்ணு, பாஸ். செவுளு, நல்ல சிவப்பு. வயிறு, கெட்டி. மாமா தலையை ஆட்டினாரு. அப்புறம் வாயைத் திறந்தாரு. ஒண்ணாவது மீன். ரெண்டாவது. மூணாவது. மறுபடியும் ஒண்ணாவது. நான் துப்பட்டாவுல ஊக்கு குத்தியிருந்த இடத்தைக் கையால மறைச்சுக்கிட்டேன்.

"என்னப்பா, தூண்டில் மீனா?"ன்னு செந்தில் கேட்டாரு.

மாமா என்னை ஒரு பார்வை பாத்தாரு. "தூண்டி மீனேதான்ல. வாயப் பாத்தா தெரியுதுல்லா"ன்னாரு.

குழம்பு வச்சேன். மாமா ரெண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாரு. நடுவுல பேசவே இல்ல. எங்க வீட்டுல அதுதான் முதல் மார்க். செந்தில் ஆபீஸ் க்ரூப்புல போட்டோ போட்டுட்டாரு, "என் மனைவி பிடித்த மீன்"னு. எனக்குச் சந்தோஷம் பாதி, குத்தம் பாதி. சோறு இறங்கல.

நான் பாத்திரம் கழுவும்போது மாமா கை கழுவ வந்தாரு. அக்கம் பக்கம் பாத்தாரு. செந்தில் ஹால்ல டிவி பாத்துக்கிட்டு இருந்தாரு.

"அமுதா. எதால குத்தின?"

"ஊக்கு மாமா."

"உசுரோட கடிச்ச மீனுக்கு வாயில ரத்தம் கட்டியிருக்கும்மா. இந்த மூணும் செத்த பொறவுல்லா தூண்டியக் கடிச்சிருக்கு."

பொய் சொல்லித் தப்பிக்கலாம்னுகூடத் தோணல. எல்லாத்தையும் கொட்டிட்டேன். முதல் மீன் நிஜம்தான் மாமா, அளவு பத்தலன்னு விடச் சொல்லிட்டாங்கன்னு சொல்லும்போது கண்ணுல தண்ணி வந்துருச்சு. அதுக்கு வாயோரத்துல ஒரு பொட்டு ரத்தம் இருந்துச்சான்னு கேட்டாரு. இருந்துச்சு மாமான்னேன்.

"அப்போ பிடிச்சிருக்க"ன்னு சொல்லிட்டுக் கையைத் துடைச்சுக்கிட்டுப் போயிட்டாரு.

கொஞ்ச நேரத்துல பால்கனியில இருந்து போன் சத்தம். நான் பாத்திரத்தை வச்சுட்டுக் காதைத் தீட்டிக்கிட்டு நின்னேன்.

"ஆமாடே, மருமவளேதான். மதுரக்காரிதான்! மலையில போயி ஐஸ் தண்ணியில நின்னு பிடிச்சுட்டு வந்திருக்கா. ஒண்ணு இல்ல, மூணு. என்ன நயமா இழுத்திருக்காங்குறே! ஒரு மீனுகூட துடிக்கவே இல்லியாம்!"

செவ்வாய்க்கிழமை ஊருக்குப் போக வேண்டிய டிக்கெட்டை மாமா கேன்சல் பண்ணச் சொல்லிட்டாரு. அடுத்த வாரம் அவரும் என்கூட அந்த ஓடைக்கு வர்றாராம்.

ஊக்கை மட்டும் வீட்டுலயே வச்சுட்டு வரச் சொல்லியிருக்காரு.