ஏழு கப்பல் மரைக்காயரின் பேரர்

உலகத்தில் பெரிய மனிதர் யாராக இருந்தாலும் ஒன்று மேலச்சந்தையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கே ஒரு வாய் தண்ணீராவது குடித்திருக்க வேண்டும். இது எங்கூர்க்காரர் தீர்ப்பு. காரைக்கால் பக்கத்துச் சின்னச் சந்தை ஊர் அது. எந்தப் பேச்சையும் "எங்கூர்ல..." என்றே தொடங்குவதால் அவருக்கு அந்தப் பெயர். சைகோன் நகரத்துப் 'பென் தான்' சந்தையில் என் கடைக்கு அடுத்த துணிக்கடை அவருடையது.

சைகோன் கம்யூனிஸ்டுகள் கைக்கு மாறிய பிறகு எல்லோரையும் குடும்ப வரலாறு எழுதித் தரச் சொன்னார்கள். நாங்கள் இருந்ததையே குறைத்து எழுதினோம். முதலாளி வம்சம் என்று பதிந்தால் காடு திருத்த அனுப்பிவிடுவார்கள். இவரோ ஊர்ப் பெரிய மனிதர் அத்தனை பேரையும் சொந்தக்காரராக்கி, தமிழில் நாற்பது பக்கம் எழுதிவிட்டார். அவருக்கோ நெஞ்சில் இழுப்பு. காட்டுக்குப் போனால் திரும்பமாட்டார்.

வார்டு அதிகாரி மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. ஆனால் இங்கேயே பிறந்தவள். வியட்நாமியப் பேச்சில் என்னை யாரும் மடக்க முடியாது. எங்கூர்க்காரர் தமிழில் வாசித்தார், நான் வியட்நாமியத்தில் சொன்னேன்.

"வாப்பாவோட வாப்பா ஏழு கப்பல் மரைக்காயர்!"

"படகில் துடுப்புப் போட்டவராம்" என்றேன்.

"மாமுவுக்கு நூறு வேலி நெலம்!"

"கூலிக்கு நாற்று நட்டவராம்."

"சாச்சா ஒரே இருப்புல முழு ஆட்டத் தின்னவரு!"

இதை மட்டும் மாற்றவில்லை. "அவ்வளவு பசியா?" என்று அதிகாரி கண்கலங்கினார். ஏழைக் குடும்பம் என்று முத்திரை விழுந்தது.

வாசலில் எங்கூர்க்காரர் மறித்துக்கொண்டார். "ஏழு கப்பலுக்கு அதிகாரி ஏன் உச்சுக் கொட்டுனாரு? உள்ளதச் சொல்லு தங்கச்சி."

சொன்னேன்.

"எங்கூர பிச்சக்கார ஊராக்கிட்டியே!"

"உசிரு வேணுமா, கப்பல் வேணுமா நானா?" என்று அண்ணன் முறை வைத்தே கேட்டேன்.

விறைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் திருத்தம் கொடுக்கத் தனியாகக் கிளம்பிவிட்டார். கேள்விப்பட்டதும் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். துணி விற்றுக் கற்ற அரைகுறை வியட்நாமிய மொழியில், "ஐயா, நேத்து எழுதுன துடுப்பு தப்பு" என்று தொடங்கியிருந்தார்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "அப்படியானால் இந்த அம்மா பொய் சொன்னாரா?"

பொய் என்றால் காடு எனக்கும்தான். எங்கூர்க்காரர் என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"இல்லீங்க. அது ஒடஞ்ச துடுப்பு. எழுத விட்டுப்போச்சு."

தன் ஊரை அவர் வாயால் குறைத்துச் சொன்னது ஆயுளில் அந்த ஒரு தரம்தான். எனக்காகச் சொன்னார்.