கதவுதட்டியும் காலியாகாத தட்டும்

எங்கள் நொய்கெல்ன் பகுதியில் கதவுதட்டி மூச்சு வாங்க ஏறாத மாடிப்படி ஒன்று இருந்தால், அந்தக் கட்டடத்தில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையே இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

அவர் எங்கள் பள்ளியின் சமூகப் பணியாளரான பெண்மணி. அவருடைய ஜெர்மன் பெயர் எங்கள் வீடுகளில் யாருக்கும் வாயில் நுழையாது. அதனால் தமிழ்ப் பிள்ளைகள் நாங்கள் வைத்த பெயர் கதவுதட்டி. மற்ற ஜெர்மன்காரர்கள் முன்கூட்டியே டெர்மின் என்று நேரம் குறித்து வாங்காமல் பெற்ற தாயையே பார்க்கப் போகமாட்டார்கள். இவர் நினைத்த நேரத்தில் வந்து நிற்பார். துருக்கி, அரபு, போலந்து, தமிழ் என்று எந்த வீட்டுப் பிள்ளை கணக்கில் கோட்டை விட்டாலும், மறுநாளே பின்னேர உதவி வகுப்பில் பிடித்து இருத்திவிடுவார். யாராவது "நான் வெளிநாட்டுக்காரி" என்று மூக்கைச் சிந்தினால் போதும், பள்ளிப் படிக்கட்டுச் சுவரிலுள்ள பழைய படங்களுக்கு முன்னால் இழுத்துக்கொண்டு போவார்.

"இவர்கள் உலகப் போர் முடிந்து கிழக்கிலிருந்து மூட்டையோடு வந்தவர்கள். அடுத்த படத்தில் துருக்கித் தொழிலாளர்களின் பிள்ளைகள். இங்கே எல்லோருமே எங்கிருந்தோ வந்தவர்கள்தான். போய்க் கணக்கைச் செய்!"

ஏழாம் வகுப்பில் வடகடலுக்கு ஒரு வாரச் சுற்றுலா. அந்த வாரத்தில் மட்டும் தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்குத் தவறாமல் காய்ச்சல் வரும். எனக்கும் வரப்போகிறது என்று அப்பா முடிவு செய்திருந்தார். வகுப்பே கடலில் குளிக்க நான் மட்டும் வீட்டில் இருப்பதை நினைத்து அழுது, நிஜமாகவே காய்ச்சல் வரும் நிலையில் இருந்தேன். அப்போதுதான் கதவு தட்டப்பட்டது; என்னைச் சுற்றுலாவுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கக் கதவுதட்டி வந்து நின்றார்.

"பொம்பிளைப் பிள்ளையை வெளியில படுக்க விட ஏலாது எண்டு சொல்லு" என்றார் அப்பா. நான் மொழிபெயர்க்க வாயைத் திறக்குமுன் அம்மா இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

அங்கேதான் வினை. தட்டில் மிச்சம் வைப்பது பாவம் என்று வளர்க்கப்பட்டவர் கதவுதட்டி. விருந்தாளியின் தட்டு காலியாக இருப்பது மானக்கேடு என்று வளர்க்கப்பட்டவர் அம்மா. இவர் வழித்துச் சாப்பிட, அவர் வைக்க, இவர் மறுபடி வழிக்க, கதவுதட்டியின் முகம் செத்தல் மிளகாய் நிறத்துக்கு வந்தது.

"அம்மா, காணுமாம், வயிறு நிறைஞ்சிட்டுதாம்."

"வந்த ஆக்கள் அப்பிடித்தான் சொல்லுவினம். நாங்கள்தான் வைக்கோணும். நீ பேசாமல் இரு."

"கொஞ்சம் மிச்சம் விடுங்கள்" என்று அவரிடம் ஜெர்மனில் கிசுகிசுத்தேன்.

"முடியாது. செத்துப்போன என் அம்மா மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்."

இடியப்பம் முழுக்கத் தீர்ந்த பிறகுதான் போர் ஓய்ந்தது. அம்மா அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"இஞ்சேருங்கோ, முகம் கோணாமல் எங்கட சாப்பாட்டைச் சாப்பிட்ட மனுசி. பிள்ளையைப் பட்டினி போடமாட்டா. போகட்டும்."

அப்பா என்னைப் பார்த்தார். "ஓம். ஆனா பக்கத்து அறையில அவதான் படுக்கோணும் எண்டு சொல்லு."

புறப்பட்ட அன்று அம்மா ஒரு இடியப்பப் பொதியை என்னிடம் தராமல் கதவுதட்டியின் கையில் கொடுத்தார். அவர் ரயிலில் அதை மடியை விட்டு இறக்கவேயில்லை.

அன்று மாலை, விடுதியின் உப்புச் சப்பில்லாத உருளைக்கிழங்கைப் பார்த்ததும், அவ்வளவு அடம்பிடித்து வந்த எனக்கு வீட்டு நினைவில் கண்ணீர் முட்டியது. கதவுதட்டி பொதியைப் பிரித்து என் தட்டில் வைத்தார். சாப்பிட்டு முடித்தேன். கேட்காமலே மறுபடி வைத்தார்.

"காணும்" என்றேன்.

காதில் விழாதவர் போல இன்னும் இரண்டு வைத்தார். அந்த நிமிடத்திலிருந்து அவர் எங்கள் வீட்டு மனுசி.